பஞ்சை எடுத்த பிறகு

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறி ஓசை கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தறிக்கூடத்தில் நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி பறக்கும். அங்கே வேலை பார்க்கிறவருக்கு மூக்கடைப்பு புதிய சமாச்சாரம் இல்லை. தைலம் தடவி, ஆவி பிடித்து, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிச் சில வருஷம் ஓட்டிவிடுவார். ஒருநாள் காது மூக்கு தொண்டை டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “தண்டு வளைஞ்சிருக்கு, சதையும் வளர்ந்திருக்கு, ஆபரேஷன் பண்ணிக்கங்க” என்பார். ஆபரேஷன் திருவள்ளூரிலோ சென்னையிலோ நடக்கும். சிலருக்கு எல்லை தாண்டித் திருப்பதியில். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூக்கு ஆபரேஷனின் சிக்கல்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அப்போது டாக்டர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார்.

இந்தச் சிக்கல்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நாளை வைத்துக்கொண்டிருக்கிறது. முதல் ராத்திரி வருவது ஒன்று, மூன்றாம் நாள் வருவது வேறு, எட்டாம் நாள் வருவது இன்னொன்று, ஆறு மாதம் கழித்து வருவது முற்றிலும் வேறு ஜாதி. எந்த நாளில் எது வரலாம் என்று தெரிந்துவிட்டால் வேண்டாத பயம் போய்விடும். வேண்டிய பயம் மட்டும் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்கள் வரிசையாக இருக்கும். இந்த நாள் கணக்கு பெரும்பாலும் இருக்காது.

முதலில் மூக்கு செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் அதன் கோளாறு புரியாது. நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று இதன் வழியே போகிறது. மூக்கின் பக்கச் சுவரில், பக்கத்துக்கு மூன்றாக, எலும்பின் மேல் சவ்வு போர்த்திய மடிப்புகள் இருக்கின்றன. டர்பினேட் என்று பெயர். ‘மூக்கில் சதை’ என்று நாம் சொல்வது பல சமயம் இவற்றில் கீழே இருப்பது வீங்கிப்போனதைத்தான். வீங்குவது நோய், அது அங்கே இருப்பது நோய் இல்லை. காற்று இந்த மடிப்புகளை உரசிக்கொண்டு போகிற நேரத்துக்குள் சூடும் ஈரமும் ஏறி, தொண்டையை எட்டும்போது உடல் சூட்டை நெருங்கிவிடுகிறது. சவ்வின் மேல் சளிப்படலம். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்குமேல் அடித்து, தூசி ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. மூக்கின் முன்பகுதியில் துளி சாக்கரினை வைத்தால், பத்து முதல் இருபது நிமிஷத்தில் தொண்டையில் இனிக்கும். ஆபரேஷன் ஆனவருக்கு இந்த நுண்மயிர்கள் சில வாரம் சரியாக வேலை செய்யாது. வீட்டில் அனுபவிக்கும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் ராத்திரி. இரண்டு துவாரத்திலும் பஞ்சு வைத்து அடைத்திருந்தால் வாயால்தான் மூச்சு விட வேண்டும். வாய் வறளும், விழுங்கும்போது காது அடைக்கும், கண்ணில் நீர் வடியும், தலை கனக்கும். இதெல்லாம் அடைப்பின் விளைவு. பஞ்சை எடுத்ததும் போய்விடும். இப்போது பல டாக்டர்கள் பஞ்சே வைப்பதில்லை. இரண்டு துவாரத்துக்கும் நடுச்சுவரான தண்டின் சவ்வை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோர்த்துத் தையல் போட்டுவிடுகிறார்கள், அல்லது மெல்லிய சிலிக்கான் தகடு வைக்கிறார்கள். பயமுறுத்தும் இன்னொரு விஷயம் மேல்வரிசை முன்பற்கள் மரத்துப்போவது. மூக்குக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று திகைப்பார்கள். தண்டின் அடியோடு ஓடி மேலண்ணத்தின் முன்பகுதிக்கு இறங்கும் ஒரு நரம்பு ஆபரேஷனில் இழுபடுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், உணர்ச்சி திரும்பிவிடும்.

முதல் நாளில் கவனிக்க வேண்டியது ரத்தம். சளியோடு கலந்து இளஞ்சிவப்பாகக் கசிவது இயல்பு. மூக்குக்கு வெளியே வராமல் பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்கும் ரத்தம்தான் ஏமாற்றும். தூங்குகிறவர் அடிக்கடி ‘மடக் மடக்’ என்று விழுங்கிக்கொண்டே இருந்தால், பக்கத்தில் படுத்திருப்பவர் விளக்கைப் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்க்க வேண்டும். விழுங்கிய ரத்தம் வயிற்றில் தங்காது. கறுப்பாக வாந்தியில் வரும்.

ரத்தம் கொட்டினால் நம் ஊரில் முதலில் செய்வது தலையை அண்ணாந்து பார்க்கவைப்பது. அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். உட்கார வைத்து, முன்பக்கம் குனியவைத்து, மூக்கின் எலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கடிகாரம் பார்த்துப் பத்துப் பதினைந்து நிமிஷம். நடுவில் ‘நின்றதா’ என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பிவிட வேண்டும். மூக்குக்குள் தகடோ பஞ்சோ இருப்பவருக்கு இந்தப் பிடி சரிப்படாமல் போகலாம். அவர்களும், பிடித்தும் நிற்காதவர்களும் 108ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போவதுதான் முறை. ஆபரேஷன் செய்த டாக்டரைத்தான் பார்ப்பேன் என்று சென்னைக்கு வண்டி பிடிப்பது பிறகு.

மூன்றாம் நாள் பக்கம் வரும் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மூக்கைக் கெடுப்பதில் இதற்கு இணை இல்லை. சரியான நேரத்தில் பிடித்துவிட்டால் இவ்வளவு சுலபமாகத் தீர்வதும் வேறில்லை.

மூக்குத் தண்டின் முன்பகுதி குருத்தெலும்பு. சட்டைக் காலருக்குள் வைத்துத் தைக்கும் கேன்வாஸ் போல, இரண்டு பக்கச் சவ்வுக்கும் நடுவில் அது நிற்கிறது. குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. ஒட்டியிருக்கும் சவ்வு கசியவிடும் ஊட்டத்தில்தான் அது உயிர்வாழ்கிறது. ஆபரேஷனில் இந்தச் சவ்வை உரித்துத்தான் வளைவை நிமிர்த்துகிறார்கள். பிறகு சவ்வு திரும்ப ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த இடுக்கில் ரத்தம் கசிந்து தேங்கினால் சவ்வு ஒட்டாது, குருத்தெலும்பு பட்டினி கிடக்கும். மூன்று நான்கு நாள் பட்டினியில் அது அழிய ஆரம்பிக்கும். தேங்கிய ரத்தத்தில் கிருமி புகுந்து சீழ் பிடித்தால் இன்னும் சீக்கிரம். தாங்கி நிற்க ஆளில்லாத மூக்கின் நடுமுதுகு சில வாரங்களில் குழிந்து சேணம் மாதிரி ஆகிவிடும். குழந்தைகள் விளையாடும்போது மூக்கில் அடிபட்டு, வெளியே காயமே இல்லாமல் இதே கதி நேர்வதும் உண்டு.

இதற்கு அடையாளம் என்ன? பஞ்சை எடுத்த அன்று நன்றாக இருந்த மூக்கு, அடுத்த ஒன்றிரண்டு நாளில் இரண்டு பக்கமும் ஒரேயடியாக அடைத்துக்கொள்வது. வலி குறைந்துகொண்டே வந்தது திரும்பிக் கூடுவது. காய்ச்சல். டார்ச் அடித்து மூக்கு நுனியை லேசாகத் தூக்கிப் பார்த்தால், நடுத்தண்டு இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பாகப் புடைத்திருக்கும். டாக்டர் அதைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டுப் பார்ப்பார். வெறும் வீக்கமாக இருந்தால் கெட்டியாக இருக்கும், அல்லது சொட்டு மருந்து விட்டால் சுருங்கும். ரத்தம் தேங்கியிருந்தால் மெத்தென்று அமுங்கும், மருந்துக்கும் சுருங்காது. சின்னக் கீறல் போட்டு ரத்தத்தை வெளியேற்றி, சவ்வை அழுத்திவைத்தால் வேலை முடிந்தது. “ஆபரேஷன் பண்ணினா அடைக்கத்தான் செய்யும், ஒரு வாரம் போகட்டும்” என்று வீட்டில் யாராவது தைரியம் சொல்லிவிட்டால்தான் மூக்கு போகிறது. இதே நாட்களில் கடும் காய்ச்சல், வாந்தி, வெயிலில் கன்றியது போல உடம்பெல்லாம் சிவப்பு, தலைசுற்றல் எல்லாம் சேர்ந்து வந்தால், அது மூக்கில் வைத்த பஞ்சில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்ததாக இருக்கலாம். மிக அரிது, ஆனால் உயிரை எடுக்கக்கூடியது. உடனே போக வேண்டும்.

இந்த ஆபரேஷனின் சரித்திரமே குருத்தெலும்பு சொல்லிக்கொடுத்த பாடம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கில்லியனும் அமெரிக்காவில் ஃப்ரீயரும் வளைந்த தண்டைத் தாராளமாக வெட்டி எடுத்தார்கள். மூச்சு நன்றாக வந்தது. பிறகு தண்டில் ஓட்டை விழுந்தவர்களும், மூக்கு அமுங்கியவர்களும் வர ஆரம்பித்தார்கள். மேலேயும் முன்னேயும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் குருத்தெலும்பைத் தூண் போல விட்டுவைக்க வேண்டும் என்பது அதில் கற்றுக்கொண்ட கணக்கு. 1940களுக்குப் பிறகு மாரிஸ் காட்டில் போன்றவர்கள் வெட்டுவதைக் குறைத்து, நிமிர்த்தி வைப்பதை முறையாக்கினார்கள்.

மூக்கு ஆபரேஷனும் அதற்கு நாள் கணக்கு வைப்பதும் நம் நாட்டுக்குப் பழைய பழக்கம். காரணம் பெருமைப்படத்தக்கது இல்லை: இங்கே மூக்கை அறுப்பது தண்டனையாகவும் போர் உத்தியாகவும் இருந்தது. 1650களில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாகத் திருமலை நாயக்கரின் நாட்டுக்குள் புகுந்து அகப்பட்டவர் மூக்கையெல்லாம் அறுத்ததும், மதுரைப் படை பதிலுக்குப் போய் அறுத்ததும் ‘மூக்கறுப்புப் போர்’ என்றே பெயர் பெற்றுவிட்டது. அறுபட்டவர்கள் இருந்த நாட்டில் ஒட்டவைப்பவர்களும் இருந்தார்கள். ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி 1792 போரில் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டு மூக்கில்லாமல் இருந்த அவருக்குப் புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை மடக்கி மூக்கு வைத்தார். செய்தி மதராஸ் பத்திரிகையில் வந்தது. 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ படத்தோடு வெளியிட்டது.

அந்தக் குறிப்பில் கத்தி வேலையைவிட நாள் கணக்குதான் என்னை ஈர்க்கிறது. மெழுகுத் தகட்டால் அளவெடுத்து, நெற்றித் தோலை அறுத்து, இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு சிறு பாலம் மட்டும் விட்டு, முறுக்கிக் கீழே இறக்குகிறார். காசுக்கட்டிக் குழம்பைப் பூசுகிறார். நான்கு நாள் தொடுவதில்லை. பிறகு அதை நீக்கி நெய்யில் நனைத்த துணி. நோயாளி ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள், துவாரம் ஒட்டிப்போகாமலிருக்க மூக்குக்குள் மெல்லிய துணித் திரி. புருவப் பாலத்தை அறுப்பது 25ஆம் நாள் வாக்கில். ரத்தம் அந்தப் பாலத்தின் வழியேதான் புது மூக்குக்கு வருகிறது; கீழே ஒட்டிய இடத்திலிருந்து ரத்தக்குழாய்கள் வளர்ந்து சேரும்வரை பாலத்தை அறுக்கக் கூடாது. இன்றைக்கும் நெற்றித்தோல் மூக்கு வைக்கும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் ஏறக்குறைய மூன்று வாரம் பொறுத்துத்தான் அறுக்கிறார்கள். அந்த மனிதருக்கு ரத்த ஓட்டத்தின் உடற்கூறு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவசரப்பட்டு அறுத்தால் மூக்கு கறுத்துப்போகும் என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருக்கும். அவருக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னரே சுஸ்ருத சம்ஹிதை, கன்னத் தோலில் மூக்கு வைத்து, மூச்சுக்கு இரண்டு குழாய் செருகச் சொன்னது. புது மூக்கு குட்டையாகிவிட்டால் நீட்டவும், அதிகமாகிவிட்டால் சமப்படுத்தவும் வழி சொல்லியிருக்கிறது. முதல் ஆபரேஷனிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று அந்த நூலும் நம்பவில்லை. லண்டனில் ஜோசப் கார்ப்யூ இந்திய முறையைப் படித்து, பிணங்களில் பழகி, 1814இல் உயிருள்ள மனிதருக்குச் செய்து வென்றார். உள்பக்கச் சவ்வு இல்லாத மூக்கு மாதக்கணக்கில் சுருங்கும் என்பதை ஐரோப்பிய டாக்டர்கள் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டார்கள்.

நம் தறிக்காரரின் எட்டாம் நாளுக்கு வருவோம். வலி போய்விட்டது, மூச்சு வருகிறது, தறிக்குப் போகலாமா என்று கால் பரபரக்கிற நேரம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இரண்டாம் தடவை ரத்தம் கொட்டுவது அப்போதுதான். உள்ளே காய்ந்த பொருக்கு கழன்று விழும்போது, அடியில் இன்னும் ஆறாத ரத்தக்குழாய் திறந்துகொள்ளும். கிருமித் தொற்று இருந்தால் இன்னும் சுலபமாக. வேகமாக மூக்கைச் சிந்துவது, பொருக்கை விரலால் பிய்ப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது எல்லாம் இதைக் கூப்பிட்டு வரவழைக்கிற காரியங்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பொடி போடுகிறவர்கள் டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

பள்ளிப்பட்டுக்காரருக்கு இந்தப் பத்து நாள் கணக்கில் இன்னொன்றும் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கும்; ஊர்கள் துண்டித்துப் போகும். மூக்குத் தண்டு ஆபரேஷன் அவசர ஆபரேஷன் இல்லை. நவம்பரை விட்டுவிட்டு பிப்ரவரியில் நாள் கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சைனஸ் ஆபரேஷன் செய்துகொண்டவருக்குக் கவலை வேறு பக்கம் இருக்கிறது. எண்டாஸ்கோப் வைத்துச் செய்யும் இந்த ஆபரேஷன் நடக்கும் இடத்துக்குப் பக்கச் சுவர் கண், கூரை மூளை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது காகித கனத்துக்கு எலும்பு. கண் திடீரென்று வீங்கி, முன்னே தள்ளிக்கொண்டு வலித்தால், பார்வை மங்கினால், காரணம் கண்குழிக்குள் ரத்தம் தேங்குவது. இதற்கு நாள் கணக்கு கிடையாது, நிமிஷக் கணக்குதான். மூக்கை அழுத்திச் சிந்தியதால் காற்று ஏறிக் கண் இமை உப்பி, தொட்டால் நறநறவென்று இருந்தால் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். என்றாலும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கூரையில் கீறல் விழுந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியாகச் சொட்டும். நூறு ஆபரேஷனில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் நடக்கிறது. ஜலதோஷம் என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இந்த நீர் ஒரே துவாரத்தில், தெளிவாக, குனிந்தால் சொட்டுச் சொட்டாக விழும். தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கும். கைக்குட்டையில் பிடித்துக் காயவைத்தால், சளி பட்ட துணி மொடமொடவென்று விறைக்கும். இந்த நீர் பட்ட துணி விறைக்காது. இது பழைய காலத்துச் சோதனை, முடிவானது இல்லை. ஆய்வகத்தில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் தெளிவாகிவிடும். அதனால் சொட்டும் நீரைச் சுத்தமான சிறு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவது டாக்டருக்கு உதவும். காய்ச்சலும் கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டாம் வாரத்திலிருந்து பொருக்குதான் பெரிய தொல்லை. நுண்மயிர்கள் ஓய்வில் இருப்பதால் சளி நகராமல் காய்ந்துவிடுகிறது. தறிக்கூடத் தூசி அதில் ஒட்டினால் கேட்கவே வேண்டாம். பொருக்கு கிடக்கும் இடத்தில் தண்டும் பக்கச் சதையும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடுவதும் உண்டு. அதைப் பிரித்துவிடத்தான் டாக்டர் திரும்பத் திரும்ப வரச் சொல்லிச் சுத்தம் செய்கிறார். ‘வலி இல்லையே, எதற்குச் செலவு’ என்று அந்தப் பயணங்களைத் தவிர்ப்பவர்கள்தான் ஆறு மாதம் கழித்து மறுபடி அடைப்போடு வருகிறார்கள். பஸ் செலவு, ஒருநாள் கூலி எல்லாம் போவது நிஜம்தான். முதல் ஆபரேஷனுக்கே நாள் வாங்கும்போது இந்தப் பயணங்களையும் கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது உப்புத் தண்ணீரால் கழுவுவது. யோகாவில் ஜலநேதி என்று செய்வதும் ஏறக்குறைய இதுதான். அரை லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக ஒரு சிறு ஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்க வேண்டும். போர் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் பேசப்பட்ட மூளைக்காய்ச்சல் அமீபா மூக்கு வழியாக நுழையக்கூடியது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி மூக்கு கழுவிய இருவர் இதனால் இறந்தார்கள். அதே தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கின் உச்சியில் மூளைக்குப் போகும் நரம்பு இருப்பதுதான் வித்தியாசம்.

சிக்கல் என்று நினைத்துப் பலர் பயப்படும் ஒன்று சிக்கலே இல்லை. ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆன பிறகும், “காலையில வலது பக்கம் அடைக்குது, மத்தியானம் இடது பக்கம்” என்பார்கள். மூக்கின் இரு பக்கச் சதையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறைவைத்து வீங்கி வற்றுகின்றன. ஒரு பக்கம் வேலை செய்யும்போது மறுபக்கம் ஓய்வெடுக்கிறது. ஜெர்மன் டாக்டர் கைசர் 1895இல் இதை எழுதினார். இடகலை பிங்கலை என்று மூச்சு மாறுவதைச் சித்தர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கவனித்திருந்தார்கள். நாசி நன்றாக அடைத்திருந்த காலத்தில் இது தெரிந்திருக்காது. வழி திறந்த பிறகு தெரிகிறது. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு அடைப்பதும் இயல்புதான்.

கடைசியாக, எல்லாவற்றிலும் விசித்திரமானது. சிலருக்கு ஆபரேஷன் முடிந்து மாதங்கள், ஏன் வருஷங்கள் கழித்து, மூச்சுத் திணறல் வருகிறது. டாக்டர் பார்த்தால் மூக்கு விரியத் திறந்திருக்கிறது. ஸ்கேனிலும் தடை இல்லை. “நல்லாத்தானே இருக்கு, மனசுல போட்டுக்காதீங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூஜின் கெர்னும் மோனிகா ஸ்டென்க்விஸ்டும் 1994இல் இதற்கு ‘வெற்று மூக்கு’ என்று பெயர் வைத்தார்கள். டர்பினேட்டை அளவுக்கு மீறி வெட்டியவர்களிடம் இது அதிகம்.

திறந்த மூக்கில் ஏன் திணற வேண்டும்? மூக்குக்குள் காற்று போவதை நாம் எப்படி உணர்கிறோம் என்பதில் விடை இருக்கிறது. அழுத்தத்தால் அல்ல, குளிர்ச்சியால். காற்று சவ்வை உரசும்போது அதன் ஈரத்தை உறிஞ்சிச் சில்லென்று ஆக்குகிறது. அந்தச் சில்லிப்பை உணரும் புரதம் டிஆர்பிஎம்8. 2002இல் இதைக் கண்டுபிடித்த குழுக்களை நடத்திய டேவிட் ஜூலியஸும் ஆர்டம் படபூட்டியனும் உணர்ச்சி ஆராய்ச்சிகளுக்காக 2021இல் நோபல் பெற்றார்கள். தைலத்தில் இருக்கும் மென்தால் இதே புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. வேல்ஸில் ரான் எக்கிள்ஸ் அளந்து பார்த்தார்: மென்தால் முகர்ந்தவர்கள் மூக்கு திறந்துவிட்டது என்றார்கள், கருவியில் தடை துளியும் குறைந்திருக்கவில்லை. நம் வீட்டுத் தைல டப்பா நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் வேலை அது. இதை அப்படியே திருப்பிப் போட்டால் வெற்று மூக்கு. உரசும் பரப்பு போய்விட்டதால் காற்று நடுவில் பாய்கிறது, சவ்வு குளிர்வதில்லை, மூளைக்கு ‘மூச்சு வருகிறது’ என்ற செய்தி போவதில்லை.

இதைக் கண்டறியும் சோதனை மிக எளிது. உப்புத் தண்ணீரில் நனைத்த சிறு பஞ்சை, சதை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்து அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள். வழி குறுகுகிறது, மூச்சு எளிதாகிறது! அப்படி ஆனால் அந்த இடத்தைக் குருத்தெலும்பு போன்றவற்றால் நிரப்பி மேடாக்கும் ஆபரேஷன் உதவக்கூடும். எல்லோருக்கும் அது முழுப் பலன் தருவதில்லை. இவர்களில் பலருக்குத் தூக்கம் கெட்டு, மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்துவிடுவதால் மனநல டாக்டரின் துணையும் வேண்டியிருக்கிறது. உடம்பில் கோளாறு இல்லை என்பதால் அங்கே அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு முட்டுகிறவருக்கு மனம் நிலைகொள்ளாது என்பதுதான் காரணம். இதையொட்டி இன்னொன்று. ‘பீனிசம்’ என்று கிராமத்தில் சொல்லும், சவ்வு சுருங்கிப் பொருக்கும் நாற்றமும் பிடிக்கும் மூக்குக்கு 1967இல் ஆஸ்டன் யங் ஓர் ஆபரேஷன் எழுதினார்: மூக்குத் துவாரத்தையே தைத்து மூடிச் சில மாதம் விட்டுவிடுவது. காற்று படாமல் சவ்வு தேறிவிடுகிறது. மூக்கைத் திறக்கத்தான் ஆபரேஷன் என்று நினைத்திருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். வெற்று மூக்கு வராமலிருக்க, இப்போது பெரும்பாலான டாக்டர்கள் டர்பினேட்டின் சவ்வைத் தொடாமல் உள்ளே மட்டும் குறைக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே, “சதையை எடுக்கப் போறீங்களா, குறைக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிடலாம், கேட்கத் தகுந்த கேள்விதான்.

வாசனை போய்விட்டது என்பவர்கள் முதலில் வீக்கம் வடியும்வரை, அதாவது ஒன்றிரண்டு மாதம், பொறுக்க வேண்டும். அதற்கு மேலும் திரும்பவில்லை என்றால் முகரும் பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்ட முறையில் நான்கு வாசனைகள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில நொடிகள், மூன்று மாதம். நான்கும் நம் ஊர் மளிகைக்கடையிலும் பூக்கடையிலும் கிடைப்பவை. வாசனை திரும்பும்வரை கேஸ் கசிவும் கெட்டுப்போன சோறும் மூக்குக்குத் தெரியாது என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

மூக்கு கோணலாகிவிட்டது, ஓட்டை விழுந்துவிட்டது என்று மறு ஆபரேஷன் கேட்பவர்களை ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்வது அலட்சியத்தால் இல்லை. தழும்பு இளகி நிலைகொள்ள அவ்வளவு காலம் ஆகிறது. பாதி ஆறிய இடத்தில் மறுபடி கத்தி வைத்தால் இரண்டாவது தழும்பு முதலாவதைவிட மோசமாகும். தண்டில் ஓட்டை சின்னதாக இருந்து மூச்சு விடும்போது விசில் சத்தம் வந்தால் தைத்து மூடலாம். பெரிதாக இருந்தால் சிலிக்கான் பொத்தான் போட்டு அடைக்கிறார்கள். வேறு டாக்டரிடம் போகிறவர் பழைய ஸ்கேன் சிடி, டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷனில் என்ன எடுத்தார்கள் என்று எழுதிய குறிப்பு மூன்றையும் கொண்டுபோக வேண்டும். அந்த மூன்றாவது தாளைக் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும்.